காரணம்: டீயில் சர்க்கரை கம்மி

போன வருஷம் அந்தக் கம்பெனியை விட்டு நூற்றுப் பதினெட்டுப் பேர் போனார்கள். ஏன் போனார்கள் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத நாலு பேருக்காக மாடியில் ஒரு பிரிவைத் திறந்தார்கள்.

பணியாளர் விலகல் காரண ஆய்வுப் பிரிவு என்று அதற்குப் பெயர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்க் கதவுகளுக்குக் கீல் அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. கீழே பதினான்கு பவர் பிரஸ். மேலே பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஏசி மாட்டி, மூன்று கம்ப்யூட்டர் போட்டார்கள். திறப்பு விழாவன்று கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தத் துண்டில் வழுக்கி விழுந்த ஒருவர் அடுத்த வாரமே வேலையை விட்டார். பிரிவின் முதல் தரவு அவர்தான்.

மனிதவள மேலாளர் மனோகரன் அன்றைக்கு மைக்கைப் பிடித்தார்.

"இதுக்கு முன்னாடி நம்ம கம்பெனியிலேர்ந்து யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் போயிடலாம்னு ஒரு கேவலமான நிலைமை இருந்தது. ஏன்டா போறேன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான். இனிமே அது நடக்காது. போறவன் காரணத்தோடதான் போகணும். அந்தக் காரணத்த அவன் சொல்லக் கூடாது. நாம சொல்லுவோம். அறிவியல் சொல்லும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கீழேயிருந்து வந்த ஏழு பேர் தட்டியது மட்டும் சரியாகக் கேட்கவில்லை. அவர்களுக்கு விரல் குறைவு.

தரவு ஏற்றுகிற வேலைக்கு அங்கே சேர்ந்தவள் நஜ்மா. பத்தொன்பது வயது. திருவேற்காடு பக்கம் நூம்பலில் வீடு. அவளுடைய அண்ணன் முஸ்தகீம் கீழே ஒன்பதாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். அவன் சொல்லித்தான் வேலை கிடைத்தது. அண்ணன் என்ன வேலை செய்கிறான் என்பதை அவள் கண்ணால் பார்த்ததே சேர்ந்த பிறகுதான். பார்த்த நாளிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

பவர் பிரஸ்ஸில் மேலேயிருந்து ஒரு இரும்புத் தலை இறங்கித் தகட்டை அடிக்கும். காலால் பெடலை மிதித்தால் இறங்கும். தகட்டை உள்ளே வைப்பதும் அடித்ததை வெளியே எடுப்பதும் கையால்தான். கை உள்ளே இருக்கும்போது தலை இறங்காமல் நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. சென்சார் இருந்தால் ஷிஃப்டுக்கு மூவாயிரம் அடிதான் வரும். இல்லாவிட்டால் நாலாயிரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினான்கு சென்சாரையும் கழற்றி ஒரு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த மூன்று வருஷத்தில்தான் ஏழு பேருக்கு விரல் போனது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடினார்கள்.

பீரோ நஜ்மாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதன் தலையில் பிரின்டரை வைத்திருந்தார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று ஆராய்கிற அறிக்கைகள் எல்லாம் அங்கிருந்துதான் அச்சாகி வந்தன.

பதினான்கு பிரஸ்ஸின் அடியும் தரை வழியாக மேலே ஏறி வரும். முதல் மாதத்திலேயே ஒன்பதின் அடி அவளுக்குத் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. மற்றதெல்லாம் 'தொம்' என்றால் அது கொஞ்சம் இழுத்து 'தொம்க்' என்று விழும். அது நின்றால் விசைப்பலகையில் இவள் விரலும் நின்றுவிடும். மறுபடி கேட்கிற வரை வாய் தானாக நபியின் மேல் ஸலவாத்து ஓதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம்.

ஒருநாள் ஒன்பது நின்று பதினோரு நிமிஷம் ஆனது. அவள் படியில் உருளாத குறையாகக் கீழே ஓடினாள். முஸ்தகீம் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் எட்டாம் நம்பர் ஆபரேட்டர் தேவாவும், பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனிக்கு டீ போடுகிற நாகம்மாவும்.

"இன்னாடி, இப்டி மூச்சு வாங்கிகினு வர்ற?" என்றான் முஸ்தகீம்.

"ஒம்பது நின்னுடுச்சுண்ணே."

"எண்ணெ ஊத்திகினு கீறாங்க. அதுக்கா ஓடியாந்த?"

"கொயந்த பயந்துகினு கீது நைனா," என்றாள் நாகம்மா. "பத்து வெரலயும் விரிச்சுக் காட்டு. எண்ணிப் பாத்துட்டுப் போவட்டும்."

முஸ்தகீம் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தான். நஜ்மா நிஜமாகவே எண்ணினாள்.

"தங்கச்சி, என்னுதயும் எண்ணிடு," என்று தேவா கையை நீட்டினான். "சாயங்காலம் கொறஞ்சா நீதான் சாட்சி."

மாடியில் புள்ளியியல் பார்க்க டாக்டர் ஜெகதீஷ் என்று ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். அதிர்ந்து பேசாத மனுஷன். வரும்போது எல்லோருக்கும் தேன்மிட்டாய் வாங்கி வருவார். கீழே மட்டும் இறங்க மாட்டார். ஆட்களை நேரில் பார்த்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை.

"இங்க பாரும்மா," என்று முதல் நாள் நஜ்மாவுக்கு விளக்கினார். "ஒரு விஷயத்த எடுத்துக்கறோம். வேலைய விட்டவங்க ஒரு குரூப்பு, இருக்கறவங்க ஒரு குரூப்பு. ரெண்டையும் அந்த விஷயத்துல ஒப்பிடறோம். பி-வேல்யூன்னு ஒரு நம்பர் வரும். அது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சுக்குக் கீழ இருந்தா, அதுதான் காரணம். மேல போனா காரணமே இல்ல. அழுகை, கோவம், சண்ட எதுவும் தேவையில்ல. எவ்ளோ நிம்மதி பாரு."

வேலையை விடுகிறவர்களும் இருக்கிறவர்களும் நிரப்ப இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் அச்சடித்தார்கள். தலைக்கு எந்த எண்ணெய், எந்தப் பக்கம் வகிடு, மதியம் முட்டை உண்டா, தூங்கும்போது எந்தத் திசையில் தலை. மிஷினைப் பற்றிக் கேள்வி இல்லை. மிஷின் உற்பத்திப் பிரிவின் பொறுப்பு, விலகல் மனிதவளப் பிரிவின் பொறுப்பு, ஒன்றில் ஒன்று தலையிடக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது.

அத்தனை கேள்வியையும் சோதித்ததில் பதினோரு காரணங்கள் தேறின. நூற்றுக்கு ஐந்து தற்செயலாகவே தேறும் என்றால், இருநூறு தடவை குலுக்கினால் பத்துச் சீட்டு சும்மாவே விழுமே என்று நஜ்மாவுக்குத் தோன்றியது. ஜெகதீஷிடம் கேட்டாள். அவர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா இத அறிக்கையில போட்டா, அறிக்கைன்னு ஒண்ணே இருக்காது."

முதலில் அகப்பட்டது வகிடு. இடது பக்கம் வகிடு எடுக்கிறவர்கள் அதிகமாகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கேட்டில் ஆளுயரக் கண்ணாடி மாட்டினார்கள். சங்கிலியில் ஒரு சீப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வலது பக்கம் வகிடு மாற்றிக்கொண்டவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். வழுக்கைத் தலையர்கள் மனுக் கொடுத்து விலக்கு வாங்கினார்கள்.

அடுத்தது திருவேற்காடு. அந்த வழியாக வருகிறவர்கள் வேலையில் நிலைப்பதில்லை என்று பி-வேல்யூ சொன்னது. நூம்பல், வேலப்பன்சாவடி ஆட்கள் இனிமேல் ஆவடி சுற்றித்தான் வர வேண்டும், பஸ் டிக்கெட்டை கேட்டில் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஷேர் வேனில் அரை மணியில் வந்துகொண்டிருந்த அண்ணனும் தங்கையும் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வந்தார்கள்.

"அம்மன் கோயில் வாசல் வழியா வந்தா வேலைய உட்டு ஓடிடுவானாம்," என்றான் தேவா. "ஆத்தா மேலயே சந்தேகப்பட்டானுங்களே மாமே, இவனுங்க உருப்புடுவானுங்க?"

சுற்றி வர முடியாமல் அந்த மாதம் பத்தொன்பது பேர் வேலையை விட்டார்கள். அவர்கள் எல்லோரும் ஆவடி வழியாக வந்தவர்கள் என்று தரவில் ஏறியது. அடுத்த அறிக்கையில் ஆவடியும் சந்தேகத்துக்கு ஆளானது.

இது வரைக்கும் நஜ்மா சிரித்திருக்கிறாள். சிரிப்பு நின்றது மாதாந்தரக் கூட்டத்தில்.

ஒன்பதாம் நம்பரில் முஸ்தகீமுக்கு முன்னால் இருந்தவர் செல்வகுமார். வலது கையில் இரண்டு விரல் போனது. விரல் போனவர்களைக் கம்பெனி வெளியே அனுப்புவதில்லை. கேட்டில் டோக்கன் எழுதவும், செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் வைத்துக்கொள்ளும். கோர்ட்டு, கேஸ் என்று கிளம்பினால் அந்த வேலையும் கிடையாது. அந்தக் கையோடு வேறு எங்கே போவது? ஏழு பேரும் இருந்தார்கள். மனோகரன் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். ஒரு கட்டை உயரமாக நின்றது. பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நல்லாப் பாருங்க. பத்து விரலும் இருக்கறவங்கள்ல நூத்துக்கு முப்பத்தொம்போது பேர் வேலைய விட்டுப் போறான். விரல் போனவங்கள்ல? பூஜ்யம். ஒருத்தர் கூடப் போகல. பி-வேல்யூ பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு. இது நான் சொல்லல, நம்பர் சொல்லுது. பத்து விரலும் இருக்கறவனுக்கு எங்க வேணும்னாலும் போலாம்னு ஒரு திமிர். ஆனா கம்பெனிக்காகத் தன்கிட்ட இருந்து ஒண்ணக் குடுத்தான் பாருங்க, அவன் கம்பெனிய விட மாட்டான். விசுவாசம்னா அதுதான்."

செல்வகுமாரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். விசுவாசப் பணியாளர் என்று எழுதிய கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். மூன்று விரலில் அது நிற்கவில்லை. நழுவிக் கீழே விழுந்து சிதறியது.

"ஆனந்தத்துல கை நடுங்குது பாருங்க," என்றார் மனோகரன்.

அன்றைக்குத் திரும்பும்போது, பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்குகையில் முஸ்தகீம் சொன்னான்.

"நான் உட்டுர்றேன் நஜ்மா. ஆவடி ஃபேக்டரில இருந்து லெட்டர் வந்து கீது. அடுத்த திங்கக்கெயம டிரேடு டெஸ்டு. ஐடிஐ ஒரிஜினல் சர்டிபிகேட்டு கேக்குறாங்க."

"அது மனோகரன் சார் டிராயர்லல்ல இருக்கு?"

"அதான். சேரும்போதே புடுங்கி வெச்சுகினானுங்க. ராஜினாமா ஏத்துக்கினாதான் தருவானுங்க."

மறுநாள் அவன் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விக்கும் பதில் எழுதினான். கடைசியில் விலகும் காரணம் என்ற இடத்தில் பட்டியல் இருந்தது. அதில் அவனுடைய காரணம் இல்லை. 'மற்றவை' என்பதற்கு எதிரே, 'கை போயிடும்னு பயம்' என்று எழுதினான். தரவு ஏற்றுவதற்காக நஜ்மாவும் பக்கத்தில் நின்றாள். மனோகரன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயம்னு இதுல ஒண்ணும் இல்லையேப்பா."

"மற்றவைன்னு கீதே சார்."

"மற்றவைல எழுதினா கம்ப்யூட்டர் காலின்னு எடுத்துக்கும். காலியா இருந்தா படிவம் முழுமையாகல. படிவம் முழுமையாகலன்னா நீ ராஜினாமாவே பண்ணல. நீ பண்ணாத ராஜினாமாவ நான் எப்படி ஏத்துக்கறது?"

"அப்ப ஒரிஜினல மட்டும் குடுங்க சார். டெஸ்டு முடிச்சுட்டுக் கொண்டாந்து குட்துர்றேன்."

"ராஜினாமா பண்ணாதவனுக்கு ஒரிஜினல் எதுக்குப்பா?"

நஜ்மா மேலே போய் ஜெகதீஷின் மேஜை முன்னால் நின்றாள். சென்சார் இல்லாததையும் ஒரு காரணமாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் உடனே சேர்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து அந்தக் காரணம் அழிந்துபோனது.

"மென்பொருளே தூக்கிடுச்சும்மா. ஏன் தெரியுமா? பதினாலு மிஷின்லயும் சென்சார் இல்ல. போனவனுக்கும் இல்ல, இருக்கறவனுக்கும் இல்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கற விஷயம் எப்படிம்மா காரணமாகும்? பத்து மிஷின்ல இருந்துட்டு மீதி நாலுல மட்டும் இல்லன்னா சொல்லு, கண்டுபிடிச்சிடலாம். எல்லாருக்கும் இல்லன்னா கணக்குக்கு அது இல்லாத விஷயம்."

"அப்ப பாதி மிஷின்ல மாட்டிப் பாக்கலாமே சார்? இந்தப் பீரோலதான் எல்லாம் இருக்கு."

ஜெகதீஷின் முகம் மலர்ந்துவிட்டது. "சோதனை! எவ்ளோ அழகா யோசிச்சிருக்க!" என்று எழுந்து மனோகரனின் அறைக்கு ஓடினார். கால் மணி நேரம் கழித்து, போன வேகம் இல்லாமல் திரும்பி வந்தார்.

"மனோகரன் சார் ஒரு நல்ல பாயின்ட் சொன்னாரும்மா. விரல் போனது இதுவரைக்கும் ஏழுதான். குறைஞ்சது முப்பது இருந்தாத்தான் முடிவுக்கு வரலாம்னு நம்ம பாடப் புத்தகமே சொல்லுது. ஏழ வெச்சுகிட்டு மிஷின்ல கை வெக்கறது அவசரம்."

"அப்ப இன்னும் இருபத்திமூணு பேருக்குப் போகணுமா சார்?"

"சேச்சே. அப்படி எடுத்துக்கக் கூடாது. வருஷத்துக்கு ரெண்டு மூணுன்னு பாத்தா, பத்து வருஷத்துல தரவு தானா சேந்துடும். நாம ஒண்ணுமே செய்ய வேண்டாம்." அவர் பையிலிருந்து ஒரு தேன்மிட்டாயை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நஜ்மா அதைத் தொடவில்லை. இருபத்திமூன்று பேரில் தன் அண்ணன் எத்தனையாவது என்று அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எப்போதும் கேலி பேசுகிற முஸ்தகீம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஒம்பது ரெண்டு வாட்டி அடிக்குதுடி. ஒரு தபா மிதிச்சா தலை ரெண்டு தபா எறங்குது. இன்னிக்கு மூணு வாட்டி ஆயிட்ச்சு. கைய இயுத்தேன், பின்னாடியே விழுது. சூப்பர்வைசராண்ட சொன்னா, உற்பத்தி கூடுதுல்லன்னு சிரிக்கிறான்."

"நாளைக்குப் போகாதண்ணே."

"போவாம? லீவு போட்டா ராஜினாமா ஃபைலத் தொட மாட்டான். சர்டிபிகேட்டு இல்லாம ஆவடில எவன் உள்ள உடுவான்?"

அம்மாவிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஜெகதீஷ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை முதலாளி வருகிறார். வகிடும் திருவேற்காடும் அவருக்குப் பிடிக்கவில்லை. உருப்படியாக ஒரு காரணம், ரிப்பன் வெட்டக்கூடிய மாதிரி ஒரு தீர்வு, இரண்டும் வேண்டுமாம்.

"டீதாம்மா கடைசி நம்பிக்கை. கேள்வி நூத்திநாப்பத்தேழு, காரணப் பட்டியல்லயும் இருக்கு. டீ சரியில்லன்னு போனவங்க. ஆனா பி-வேல்யூ பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சு ரெண்டுல நிக்குது. ஒரே ஒருத்தர், இன்னும் ஒரே ஒருத்தர் டீ சரியில்லன்னு போயிருந்தா கீழ வந்துடும்."

தரைக்குக் கீழே ஒன்பது அடித்தது. தொம்க். உடனே இன்னொரு தரம், தொம்க். நஜ்மா எழுந்து கீழே போனாள்.

நாகம்மா அடுப்பில் பாலை வைத்துக்கொண்டிருந்தாள். நஜ்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டீ சரியில்லை என்று அண்ணன் எழுதினால் விட்டுவிடுவார்கள், ஆனால் பழி உன் மேல் விழும், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நாகம்மாவுக்கு மூக்கு விடைத்தது.

"பதினோரு வருசமா போடறேன். ஒரு நாய் என் டீய நல்லா இல்லன்னு சொன்னதில்ல. அந்த மேனேஜரு மூணு கிளாஸு குடிப்பான், இன்னும் கீதா நாகம்மான்னு வருவான். என் டீ குடிச்சுட்டா ஓடறானுங்க? த்தூ!" கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தாள். பால் பொங்கி வழிந்தது. அணைக்கவில்லை. "சர்டிபிகேட்டு குட்துருவானுங்களா?"

"குடுத்துருவாங்கக்கா."

"அப்ப எழுதச் சொல்லு. ஆனா ஒண்ணு. சக்கர கம்மின்னு எழுதச் சொல்லு. பால்ல தண்ணின்னு எழுதினான், வந்து கைய ஒடிச்சுருவேன். அது பொய்யி."

முஸ்தகீம் முதலில் மாட்டேன் என்றான். நாகம்மாக்கா டீயைக் குறை சொல்லிவிட்டு எந்த முகத்தோடு போவேன் என்றான். நாகம்மாவே பேனாவை அவன் கையில் திணித்தாள். "வெரல் இருந்தாத்தான்டா கிளாஸு பிடிப்ப. எழுது நைனா." அவன் எழுதினான்: டீயில் சர்க்கரை கம்மி.

நஜ்மா அதைத் தரவில் ஏற்றினாள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு எட்டு. ஜெகதீஷ் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனோகரன் மாடிக்கே ஓடி வந்து, முஸ்தகீமை வரச்சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத இத்தன நாளா ஏம்ப்பா மனசுலயே வெச்சிருந்த? வெளிப்படையா சொல்லியிருந்தா அன்னிக்கே ஒரிஜினல் குடுத்திருப்பேனே!"

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முஸ்தகீம் சர்டிபிகேட்டோடு ஆவடியில் டிரேடு டெஸ்டுக்குப் போனான். பதினோரு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. அரம் பிடித்து வேலை முடித்துவிட்டானாம், அதிகாரி நல்லா இருக்கு என்றாராம். நஜ்மா அதை மூன்று தடவை படித்தாள். பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

அதே பதினோரு மணிக்குக் கம்பெனியில் திறப்பு விழா. நாகம்மாவின் அடுப்பு இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு டீ மெஷின் நின்றது. மாலை போட்டிருந்தார்கள். முதலாளி ரிப்பன் வெட்டினார். மனோகரன் பேசினார்.

"நூத்திமுப்பத்தொம்போது பேர் நம்மள விட்டுப் போனதுக்குக் காரணம் இன்னிக்கு முடிவுக்கு வந்துடுச்சு. சர்க்கரை! இனிமே சர்க்கரைய மெஷின் அளந்து போடும். இன்னொரு விசேஷம் பாருங்க." கப் வைக்கிற இடத்தில் வெறுங்கையை நீட்டினார். மெஷின் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. ஒரு சொட்டு விழவில்லை. "கை உள்ள இருந்தா ஊத்தாது! சென்சார்! தொழிலாளியோட கை நமக்கு அவ்ளோ முக்கியம்."

எல்லோரும் தட்டினார்கள். நாகம்மா முன்னால் வந்தாள்.

"சார், அப்ப நான் ஊட்டுக்குப் போவட்டா?"

"ஏம்மா போற? நீ போனா விலகல்ல ஒண்ணு கூடிடுமே. அதெல்லாம் விட மாட்டோம். ஒம்பதாம் நம்பர்ல ஆள் இல்ல. இன்னிலேர்ந்து அங்க போய் தகடு வெச்சு எடு."

நஜ்மா கூட்டத்தில் வாயைத் திறந்தே பழக்கமில்லாதவள். "சார், அது ரெண்டு தரம் அடிக்குது சார்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

நாகம்மா டீ மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல ஒண்ணு கீதே சார், கை போனா நிக்கிறது. அத கயட்டி ஒம்பதுல மாட்டிக் குட்த்தா இன்னா?"

மனோகரன் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். விவரம் தெரியாத ஜனங்கள் என்கிற சிரிப்பு.

"நல்லா கேட்ட போ! அப்புறம் டீ ஊத்தும்போது யார் கையாவது வெந்துடாதா?"

முதலாளி கப்போடு வந்து நின்றார். முதல் டீ அவருக்கு. மனோகரன் பொத்தானை அழுத்தப் போனார். அதற்குள் நஜ்மா போய்த் தன் வலது கையை மெஷினுக்குள் வைத்தாள். பீப்.

"என்னம்மா இது? கைய எடு. சார் நிக்கறாரு."

"ஒம்பதுக்கு மாட்டுங்க சார். எடுக்கறேன்."

"கைய எடுன்னு சொல்றேன்ல?"

நஜ்மா கையை எடுக்கவில்லை. மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. முதலாளி காலிக் கப்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

உள்ளே இன்னொரு கைக்கு இடம் இருந்தது. தேவா தன்னுடையதையும் வைத்தான்.